காலைப் போணி பில் ஏன் விழவில்லை? மைஎஸ்கியூஎல் சர்வரின் டைம்அவுட்டையும் வேகத்தையும் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"தம்பி, போணி பில்லே எர்ரர் அடிக்குது. அப்புறம் நாள் முழுக்க யாவாரம் எப்படி ஓடும்?"

மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி காலை ஒன்பதரை மணிக்கு எனக்குப் போன் செய்து கேட்டது இது. முதல் பில் போட்டால் பிழை. அதே பில்லை இன்னொரு முறை அழுத்தினால் ஒழுங்காக விழும். பிறகு இரவு கடை சாத்தும்வரை ஒரு தொல்லையும் கிடையாது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

விடை ஓர் எண்ணில் இருந்தது: 28800. பில் கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் சர்வரில் வெயிட்_டைம்அவுட் என்ற அமைப்புக்கு நாம் எதுவும் கொடுக்காவிட்டால் இருக்கும் மதிப்பு அது. விநாடிக் கணக்கு, எட்டு மணி நேரம். அண்ணாச்சி கடை இரவு ஒன்பதரைக்குச் சாத்துகிறது, காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது. ராத்திரி முழுக்கப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த இணைப்பை சர்வர் விடியற்காலை ஐந்தரைக்கே மூடிவிட்டது. பில்லிங் மென்பொருளுக்கு அது தெரியாது. செத்துப்போன இணைப்பில் முதல் க்வெரியை (சர்வரிடம் கேட்கும் கேள்வியை) அனுப்பி, அடி வாங்கி, அதன் பிறகுதான் புது இணைப்பு எடுத்துக்கொள்ளும்.

நான் போய்ப் பார்ப்பதற்குள் கடையில் ஒருவர் இணையத்தில் தேடி அந்த எண்ணை 604800 ஆக்கிவிட்டார். ஒரு வாரம். போணி பில் விழுந்தது, அண்ணாச்சிக்கும் சந்தோஷம். நான்காம் நாள் உச்சிப்பொழுதில் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று சொல்லி மொத்தக் கடையும் நின்றது. அது ஏன் என்று பின்னால் வருகிறேன். டைம்அவுட் பிரச்சினை வந்தவுடன் எண்ணை ஏற்றுவதுதான் எல்லோருடைய கையும் முதலில் செய்கிற வேலை. அதற்கு முன்னால் இணைப்பை அறுத்தது யார், அதாவது போனை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

இதில் சொல்லும் இயல்பு மதிப்புகள் மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்புக்கானவை, 8.4-இலும் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியிலும் மாறும் இடங்களில் தேவையானதைச் சொல்லியிருக்கிறேன். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், கோப்பில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் அப்படியே அடியுங்கள்.

படி 1: கையை வைப்பதற்கு முன்

இப்போதைய அமைப்புக் கோப்பை நகல் எடுத்து, பெயரில் தேதி போட்டு வையுங்கள். உபுண்டுவில் அது எட்சி அடைவுக்குள் மைஎஸ்கியூஎல் என்ற அடைவில் இருக்கும். ரெட்ஹேட் வகையறாவில் எட்சிக்குள்ளேயே மை.சிஎன்எஃப் என்று இருக்கும். ஒரே கோப்புதான் என்று நினைக்காதீர்கள். சர்வர் பல கோப்புகளைப் படிக்கும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியில் படித்ததுதான் செல்லும். 8.0-இல் 'செட் பெர்சிஸ்ட்' கட்டளையால் மாற்றியவை டேட்டா அடைவில் தனியாக ஒரு கோப்பில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் படிக்கப்படும். "கோப்பில் மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன், மதிப்பு மாறவில்லை" என்று வரும் புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் வேரியபிள்ஸ்_இன்ஃபோ என்ற டேபிளைக் கேட்டால், ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைப் பாதையோடு சொல்லும்.

'ஷோ குளோபல் வேரியபிள்ஸ்', 'ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்' இரண்டின் விடையையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இதை விட்டால் வேறு சாட்சி இருக்காது.

படி 2: போனை வைத்தது யார்?

பிழைச் செய்தியில் ஓர் எண் இருக்கும். பயனர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பாதி நேரம் அது வெட்டுப்பட்டிருக்கும். முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு வேறு வழக்கு.

1040 என்றால் இருக்கை நிரம்பிவிட்டது, சர்வர் உள்ளே விடவில்லை. 2003 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை. அது ஓடுகிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா, போர்ட் 3306 சரியா என்று பாருங்கள், டைம்அவுட் எண்களைத் தொட வேண்டாம். 2006, 'சர்வர் ஹேஸ் கான் அவே', நம் போணி பில் வகை: க்வெரியை அனுப்பப் போன இடத்தில் ஏற்கெனவே இணைப்பு இல்லை. 2013 என்றால் க்வெரி நடந்துகொண்டிருக்கும்போதே அறுந்தது. 1205 என்றால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, வேறொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்து அலுத்துப்போய்விட்டது. 8.0.24-இலிருந்து 4031 என்ற எண்ணும் உண்டு: "நீ சும்மா இருந்தாய், அதனால் நான்தான் மூடினேன்" என்று சர்வரே ஒப்புக்கொள்ளும் செய்தி. பழைய டிரைவர் (பயன்பாட்டை சர்வரோடு இணைக்கும் நிரல்) வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது, வழக்கம்போல 2006 அல்லது 2013 என்றுதான் காட்டும்.

2006 வந்தால் வெயிட்_டைம்அவுட் மேல் மட்டும் பழி போடாதீர்கள். சர்வர் நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தாலும் இதே செய்திதான். அப்டைம் என்ற ஸ்டேட்டஸ் எண்ணைப் பாருங்கள். இரண்டு நாளாக யாரும் சர்வரைத் தொடவில்லை என்கிறார்கள், அப்டைம் நாற்பது நிமிடம் என்கிறது என்றால், லினக்ஸ் நினைவகம் தீர்ந்து மைஎஸ்கியூஎல்லைக் கொன்றிருக்கலாம். கர்னல் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். மிகப் பெரிய க்வெரி அனுப்பினாலும் இதே செய்தி வரும். மேக்ஸ்_அலவ்டு_பாக்கெட் 8.0-இல் 64 எம்பி, 5.7-இல் 4 எம்பி. பொருளின் படத்தை டேபிளுக்குள்ளேயே சேமிக்கிற மென்பொருளை 5.7-இல் ஓட்டுபவர்கள் இதில் கண்டிப்பாக ஒருநாள் இடித்துக்கொள்வார்கள்.

அடுத்து இரண்டு ஸ்டேட்டஸ் எண்கள். அபார்ட்டட்_கனெக்ட்ஸ் என்பது உள்ளே வரும்போதே முறிந்தவை: தவறான கடவுச்சொல், கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்க அறிமுகம்) முடியாமல் போனது போன்றவை. அபார்ட்டட்_கிளையன்ட்ஸ் என்பது உள்ளே வந்த பிறகு ஒழுங்காக விடைபெறாமல் போனவை. இரண்டாவது ஏறிக்கொண்டே இருந்தால் பயன்பாடு இணைப்புகளை மூடாமல் விடுகிறது, அல்லது நடுவில் எவரோ அறுக்கிறார்கள். லாக்_எர்ரர்_வெர்பாசிட்டி மதிப்பை 3 ஆக்கினால் ஒவ்வோர் அறுந்த இணைப்பும் எந்தப் பயனர், எந்த முகவரி என்ற விவரத்தோடு பிழைப் பதிவில் வரும். 8.0-இல் இயல்பு மதிப்பு 2, அதனால் பலருடைய பதிவில் இது வருவதே இல்லை. ஒரு நாள் ஓட விட்டுப் படியுங்கள். எனக்குப் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்திருக்கின்றன.

படி 3: டைம்அவுட்கள், ஒவ்வொன்றாக

முதலில் வெயிட்_டைம்அவுட், இன்டராக்டிவ்_டைம்அவுட் என்ற இரட்டையர். இரண்டும் 28800. சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைத்தான் இவை சொல்கின்றன; ஓடிக்கொண்டிருக்கும் க்வெரிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மணி நேரம் ஓடும் ரிப்போர்ட் அறுகிறது என்று வெயிட்_டைம்அவுட்டை ஏற்றுவது, கால் வலிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற கதை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே ஒரு மதியம் முழுக்க இதில் விழுந்து கிடந்திருக்கிறேன். கோப்பில் வெயிட்_டைம்அவுட்டை 600 ஆக்கிவிட்டு, மைஎஸ்கியூஎல் கட்டளை வரியில் நுழைந்து 'ஷோ வேரியபிள்ஸ்' அடித்தால் 28800 என்று காட்டும். ரீஸ்டார்ட் செய்தாலும் 28800. காரணம்: ஓர் இணைப்பு தொடங்கும்போது அதன் சொந்த வெயிட்_டைம்அவுட் எங்கிருந்து வரும் என்பது யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பயன்பாடு வந்தால் குளோபல் வெயிட்_டைம்அவுட்டிலிருந்து வரும். மனிதர் கட்டளை வரியில் வந்தால் இன்டராக்டிவ்_டைம்அவுட்டிலிருந்து வரும். நீங்கள் பார்த்தது இரண்டாவதை. 'ஷோ குளோபல் வேரியபிள்ஸ்' என்று 'குளோபல்' சேர்த்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

கனெக்ட்_டைம்அவுட் 10 விநாடி. சர்வர் கைகுலுக்கல் முடிய எவ்வளவு காத்திருக்கும் என்பது. இதை ஏற்ற வேண்டிய தேவை எனக்கு அரிதாகத்தான் வந்திருக்கிறது. புது இணைப்பு மட்டும் மந்தமாக இருக்கிறது, உள்ளே போனபின் எல்லாம் வேகம் என்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்: வருபவரின் ஐபி முகவரியை சர்வர் பெயராக மாற்றிப் பார்க்க முயன்று, பதில் வராமல் நிற்கும். ஸ்கிப்_நேம்_ரிசால்வ் போட்டால் அந்தத் தேடல் நிற்கும். போடுவதற்கு முன் பயனர் கணக்குகள் சர்வர் பெயரை வைத்து உருவாக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஐபி முகவரிக்கு மாறாவிட்டால் எல்லோரும் வாசலில் நிற்பார்கள்.

நெட்_ரீட்_டைம்அவுட் 30, நெட்_ரைட்_டைம்அவுட் 60. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சர்வர் விடையைத் தள்ளுகிறது, வாங்குபவர் மெதுவாக வாங்குகிறார். ஆண்டுக் கணக்கு ரிப்போர்ட்டை வரிவரியாக இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் வேறொரு வேலையும் செய்கிற நிரல் இதற்கு நல்ல உதாரணம். வழியில் உள்ள தாங்கல் (பஃபர்) நிரம்பியபின் அறுபது விநாடி எழுத முடியாமல் நின்றால் சர்வர் அறுத்துவிடும், உங்களுக்கு 2013 வரும். அந்த ஒரு ரிப்போர்ட் இணைப்புக்கு மட்டும் 'செட் செஷன்' போட்டு 600 ஆக்குங்கள். எல்லோருக்கும் வேண்டாம்.

பூட்டு வகை இரண்டு உண்டு, பெயர் குழப்பும். இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட் என்பது டேபிளின் ஒரு வரிக்கான பூட்டுக்காகக் காத்திருப்பது, 50 விநாடி. பில் கவுண்டரில் ஐம்பது விநாடி என்பது யுகம்; 5 அல்லது 10 போதும், அதற்குள் கிடைக்காவிட்டால் பிழையைக் காட்டி மறுபடி முயலட்டும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த 1205 பிழை வரும்போது இயல்பாக அந்த ஒரு கட்டளை மட்டும்தான் திரும்பப் பெறப்படும், ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டிய கட்டளைகளின் தொகுப்பான முழு டிரான்சாக்‌ஷனும் அல்ல. பில் தலைப்பு எழுதியாயிற்று, சரக்கு இருப்பைக் குறைக்கும் இடத்தில் 1205, நிரலர் அதைக் கண்டுகொள்ளாமல், எழுதியதை உறுதிசெய்யும் 'கமிட்' அடித்தார் என்றால் பில் இருக்கும், இருப்பு குறைந்திருக்காது. 1205 வந்தால், எல்லாவற்றையும் திரும்பப் பெறும் 'ரோல்பேக்' செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும்படி நிரலில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று வெறும் லாக்_வெயிட்_டைம்அவுட். டேபிளின் வடிவத்தை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' போன்றவை காத்திருப்பது இதற்குள் வரும். இயல்பு மதிப்பு 31536000 விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக 365 நாள்! யாரோ ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். நீங்கள் டேபிளில் ஒரு பத்தி சேர்க்க 'ஆல்டர்' அடிக்கிறீர்கள். அது அவருக்காகக் காத்திருக்கும். சரி, காத்திருக்கட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் அதன் பிறகு அந்த டேபிளைத் தொட வரும் சாதாரண 'செலக்ட்' எல்லாம் உங்கள் 'ஆல்டர்' பின்னால் வரிசை கட்டும். ஒரு நிமிடத்தில் கடை நின்றுவிடும். 'ஆல்டர்' அடிக்கும் முன் அந்த இணைப்பில் மட்டும் இதை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தானே விலகிவிடும்.

ஓயாமல் ஓடும் க்வெரியை வெட்ட மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் உண்டு. மில்லிவிநாடிக் கணக்கு, 'செலக்ட்' கட்டளைக்கு மட்டும். மரியாடிபியில் இதன் இடத்தில் மேக்ஸ்_ஸ்டேட்மென்ட்_டைம், விநாடிக் கணக்கு. மாறிப் போட்டால் ஆயிரம் மடங்கு தப்பு.

படி 4: நடுவில் இருப்பவர்

அண்ணாச்சி பிறகு சர்வரை கிளவுடுக்கு மாற்றினார். இப்போது காலையில் மட்டும் அல்ல, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தாலே அடுத்த பில் பிழை. வெயிட்_டைம்அவுட் அப்படியேதான் இருந்தது. இம்முறை அறுத்தது சர்வர் அல்ல, வரும் இணைப்புகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்ப பாதையில் உட்கார்ந்திருந்த லோட் பேலன்சர்.

ஏடபிள்யூஎஸ்ஸின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் சும்மா கிடக்கும் டிசிபி இணைப்புக்கு இயல்பாக 350 விநாடி. ஆறு நிமிடம்கூட இல்லை. அஷூரின் லோட் பேலன்சரில் இயல்பு 4 நிமிடம். அலுவலக ஃபயர்வால்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். சிலர் அறுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்புவார்கள், பிழை உடனே வரும். சிலர் ஒன்றுமே சொல்லாமல் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். அப்போது லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, தன் இயல்பு அமைப்பில் கால் மணி நேரத்துக்கும் மேல் போராடிவிட்டுத்தான் கைவிடும். திரை உறைந்து கிடக்கும். "சர்வர் ஸ்லோ" என்று புகார் வரும். சர்வரோ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

லினக்ஸில், சும்மா கிடக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் இயல்பு முதல் தட்டு 7200 விநாடி கழித்து. இரண்டு மணி நேரம். 350-இல் செத்தவனை 7200-இல் நலம் விசாரித்து என்ன பயன்?

அதனால் விதி ஒன்றுதான்: இணைப்பைக் கையில் வைத்திருப்பவர், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும், பயன்பாட்டின் கனெக்‌ஷன் பூல், எல்லோருக்கும் முன்னால் தானாக மூட வேண்டும். அவருக்குப் பின்னால் நடுவில் இருப்பவர். எல்லோருக்கும் கடைசியில் சர்வர். ஜாவாவில் ஹிகாரிசிபி பயன்படுத்துகிறவர்கள் கீப்அலைவ் நேரத்தை 2 நிமிடம் ஆக்கினால் 350 விநாடிக்குள் இரண்டு முறை கதவைத் தட்டிவிடும். மேக்ஸ் லைஃப்டைம் இயல்பாக 30 நிமிடம். அதை 9 நிமிடமாக்கி, சர்வரில் வெயிட்_டைம்அவுட்டை 600 ஆக்கினால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள். வேறு பூல் என்றால் இணைப்பை எடுக்கும்போது சோதித்துப் பார்க்கும் வசதி எப்படியும் இருக்கும், அதை இயக்குங்கள். அண்ணாச்சியின் மென்பொருளில் அது அணைக்கப்பட்டிருந்தது. முதல் நாளே அந்த ஒரு டிக் போதுமாக இருந்திருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு வேடிக்கை. லோட் பேலன்சர் "உயிரோடு இருக்கிறாயா" என்று பார்க்க 3306-ஐத் திறந்து, ஒன்றும் பேசாமல் மூடும். சர்வர் பார்வையில் அது பாதியில் முறிந்த கைகுலுக்கல். ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து இப்படி வந்து மேக்ஸ்_கனெக்ட்_எர்ரர்ஸ் எல்லையைத் தாண்டினால், அதன் இயல்பு மதிப்பு 100, அந்த முகவரியையே தடுத்துவிடும், 1129 பிழை. ஹோஸ்ட்_கேஷ் டேபிளை 'டிரங்கேட்' செய்தால் தடை நீங்கும். நிரந்தரமாக எல்லையை ஏற்றி வையுங்கள். கடவுச்சொல் திருட்டுக்கு இது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, தவறான கடவுச்சொல் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

படி 5: எத்தனை இருக்கை?

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 151. 1040 பிழை வந்தவுடன் இதை 1000 ஆக்குவது, தோசைக் கடையில் கூட்டம் என்று நூறு மேசை வாங்கிப் போடுவது போல. கல் இரண்டுதானே? எட்டு கோர் உள்ள சர்வரில் ஒரே நேரத்தில் நூறு க்வெரி ஓடினால் எல்லோருக்கும் தாமதம்.

இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். த்ரெட்ஸ்_கனெக்டட் என்பது உட்கார்ந்திருப்பவர்கள், த்ரெட்ஸ்_ரன்னிங் என்பது உண்மையில் சாப்பிடுபவர்கள். முதலாவது 150, இரண்டாவது 4 என்றால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்: பூல் அளவு அதிகம், அல்லது இணைப்பு கசிகிறது. முதலாவது 150, இரண்டாவது 90 என்றால் க்வெரி மந்தம். இருக்கை கூட்டினால் நிலைமை மோசமாகும்.

அண்ணாச்சி கடையில் நடந்தது முதல் வகை. 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்' எடுத்துப் பார்த்தபோது நூற்று நாற்பதுக்கும் மேல் 'ஸ்லீப்' என்று கிடந்தன. டைம் என்ற பத்தியில் சிலவற்றுக்கு மூன்று லட்சம் விநாடி. எல்லாமே ரிப்போர்ட் பயனரின் பெயரில். ரிப்போர்ட் பகுதி ஒவ்வொரு முறையும் புது இணைப்பு திறந்து, மூடாமல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ தெரியவில்லை. எட்டு மணி நேர வெயிட்_டைம்அவுட் அந்தக் குப்பையைத் தினமும் பெருக்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரமாக ஏற்றியதும் குப்பை சேர்ந்து நான்கு நாளில் வாசலை அடைத்துவிட்டது.

சரி, எவ்வளவுதான் வைப்பது? பயன்பாடு எத்தனை நகல் ஓடுகிறதோ, அதைப் பூலின் உச்ச அளவால் பெருக்குங்கள். பிஎச்பி என்றால், அதை ஓட்டும் எஃப்பிஎம்மின் உச்ச சைல்டு எண்ணிக்கையை வெப் சர்வர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ராத்திரி வேலைகள், பேக்கப், கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு இருபது சேருங்கள். மேக்ஸ்_யூஸ்டு_கனெக்‌ஷன்ஸ் என்ற ஸ்டேட்டஸ் எண் சர்வர் தொடங்கியதிலிருந்து எட்டிய உச்சத்தைச் சொல்லும், இரண்டையும் ஒப்பிடுங்கள். நிர்வாகிக்கு என்று ஓர் இருக்கையை சர்வர் தனியாக வைத்திருக்கும். பயன்பாட்டுக்கே நிர்வாகி உரிமை கொடுத்து வைத்தால் அந்த ஓர் இருக்கையிலும் பில்லிங் ஏறி உட்கார்ந்துவிடும், நீங்கள் வெளியில் நிற்பீர்கள்.

500 என்று எழுதியும் சர்வர் 214-க்கு மேல் போகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கிருந்து வந்தது இந்த 214? இயங்குதளம் ஒரு ப்ராசஸுக்கு 1024 கோப்புகள்தான் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அதில் சர்வர் தனக்கு 10 எடுத்துக்கொள்ளும், டேபிள்களுக்குக் குறைந்தது 400, ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று 800, மீதி 214. சிஸ்டம்டி சேவையில் லிமிட்நோஃபைல் மதிப்பை ஏற்றினால்தான் இது தீரும். பிழைப் பதிவில் சர்வர் தொடங்கிய சில வரிகளிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கும், யார் படிக்கிறார்கள்.

படி 6: நினைவகம்

வேகத்துக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றலாம் என்று யாராவது கட்டுப்பாடு விதித்தால் நான் இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸைத் தேர்ந்தெடுப்பேன். டேட்டாவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தின் அளவு அது. இயல்பு மதிப்பு 128 எம்பி. 32 ஜிபி சர்வர் வாங்கி வைத்துவிட்டு 128 எம்பியில் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்களை இன்றும் பார்க்கிறேன்.

டேட்டாபேஸுக்கு மட்டுமே ஒதுக்கிய 16 ஜிபி சர்வர் என்றால் 10, 11 ஜிபி கொடுக்கலாம். அதே பெட்டியில் பயன்பாடும் ஓடினால் 6 போதும். டேட்டா மொத்தமே 3 ஜிபி என்றால் 4 கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். போதுமா என்பதை இன்னோடிபி_பஃபர்_பூல்_ரீட்ஸ் என்ற எண் சொல்லும்: நினைவகத்தில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போன தடவைகள். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழியுங்கள். சர்வர் சூடான பிறகும் நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் நினைவகம் பற்றவில்லை.

இதற்கு நேர்மாறாக, சார்ட்_பஃபர்_சைஸ், ஜாயின்_பஃபர்_சைஸ் இரண்டையும் தொடாதீர்கள். இவை 256 கேபி; ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. சார்ட் பஃபரை 64 எம்பி ஆக்கினால் வேகம் வரும் என்று எங்கோ படித்துப் போட்டவருடைய சர்வரில் 200 இணைப்பு இருந்தால், ஒரு மோசமான நாளில் அது 12.8 ஜிபி கேட்கும். அன்றைக்குத்தான் லினக்ஸ் கத்தியை எடுக்கும், உங்களுக்கு 2006 வரும், மறுபடி டைம்அவுட்டை ஏற்றப் போவீர்கள். பெரிய ரிப்போர்ட்டுக்கு வேண்டுமானால் அந்த செஷனுக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கட்டுரைகளிலிருந்து க்வெரி_கேஷ்_சைஸ் வரியை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு: அந்த வசதியை 8.0-இல் எடுத்தே விட்டார்கள். அந்த வரி கோப்பில் இருந்தால் சர்வர் தொடங்கவே தொடங்காது.

படி 7: எழுதும் வேகம்

மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ரீடூ பதிவின் இயல்பு அளவு சிறியது. 8.0.30-இலிருந்து இன்னோடிபி_ரீடூ_லாக்_கெப்பாசிட்டி என்ற ஒரே அமைப்பு, 100 எம்பி. வேலை மும்முரமான ஒரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இன்னோடிபி_ஓஎஸ்_லாக்_ரிட்டன் எண்ணை எடுத்துக் கழியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எழுதியது எவ்வளவோ அவ்வளவு வைத்தால் போதும். பெரும்பாலான கடைகளுக்கு 1 ஜிபியே தாராளம்.

இன்னோடிபி_ஃப்ளஷ்_மெத்தட் 8.0-இல் ஓ_டைரக்ட் ஆக்குங்கள், ஒரே பக்கம் லினக்ஸ் கேஷிலும் பஃபர் பூலிலும் இரண்டு முறை உட்காருவது தவிரும், 8.4-இல் லினக்ஸில் அதுவே இயல்பு. எஸ்எஸ்டி என்றால் இன்னோடிபி_ஐஓ_கெப்பாசிட்டியை 200-இலிருந்து 1000 அல்லது 2000 ஆக்கலாம்.

இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் என்ற நீளப் பெயரை 1-இலிருந்து 2 ஆக்கினால் எழுதும் வேகம் சட்டென்று ஏறும், பலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1 என்றால் ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் 'ஆயிற்று' என்று சொல்லும். 2 என்றால் ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறைதான் இறக்கும். கரண்ட் போனால் கடைசி ஒரு விநாடி வரவு போய்விடலாம். வெப்சைட் பார்வைக் கணக்கு என்றால் 2 வையுங்கள். பணம் புழங்கும் இடத்தில், அதுவும் யூபிஎஸ் பேட்டரி எந்த ஆண்டில் வாங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத இடத்தில், நான் 1-ஐத் தொடமாட்டேன்.

படி 8: மந்தமான க்வெரியைப் பிடிப்பது

இதுவரை சொன்ன எல்லா எண்களையும்விட ஒரு நல்ல இண்டெக்ஸ் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) அதிகம் உதவும். ஸ்லோ_க்வெரி_லாக் இயல்பாக அணைந்திருக்கும், இயக்குங்கள். லாங்_க்வெரி_டைம் 10 விநாடி என்று இருக்கும், 1 ஆக்குங்கள். ஒரு நாள் ஓடட்டும்.

அண்ணாச்சி கடையில் சிக்கியது இது: இன்றைய பில்களை எடுக்கும் க்வெரி, ஒவ்வொரு பில் போட்டபின்னும் ஓடுகிறது, ஆறு லட்சம் வரிகளை மேய்கிறது. பில்_தேதி பத்தியில் இண்டெக்ஸ் இருந்தது. ஆனாலும் பயன்படவில்லை, ஏனென்றால் நிபந்தனை இப்படி எழுதப்பட்டிருந்தது:

டேட்(பில்_தேதி) = இன்று

பத்தியை ஒரு ஃபங்ஷனுக்குள் சுருட்டியதும் இண்டெக்ஸுக்குக் கண் தெரியாமல் போகும். ஒவ்வொரு வரியையும் எடுத்து டேட் கணக்குப் போட்டுத்தான் பார்க்கும். மாற்றியது:

பில்_தேதி >= இன்று 00:00 மற்றும் பில்_தேதி < நாளை 00:00

க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டுப் பார்த்தால் முன்பு டைப் பத்தியில் 'ஆல்' என்று இருந்தது 'ரேஞ்ச்' ஆனது, வரி எண்ணிக்கை சில நூறாக இறங்கியது. த்ரெட்ஸ்_ரன்னிங் அன்றிலிருந்து இரண்டைத் தாண்டவில்லை. கோப்பில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

படி 9: மாற்றத்தை அமல்படுத்துவது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதலில் 'செட் குளோபல்' போட்டு உடனே சோதியுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய வெயிட்_டைம்அவுட்டிலேயே ஓடும், புதிதாக வருபவர்களுக்குத்தான் புது மதிப்பு. ஆகவே பூலை ஒருமுறை புதுப்பிக்காமல் "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லாதீர்கள். நிலைத்துவிட்டால் கோப்பில் எழுதுங்கள். அண்ணாச்சியின் 16 ஜிபி சர்வருக்கு, பயன்பாடும் அதே பெட்டியில் ஓடாத நிலையில், கடைசியில் எழுதியது:

வெயிட்_டைம்அவுட் = 600
இன்டராக்டிவ்_டைம்அவுட் = 3600
இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட் = 10
மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் = 120
மேக்ஸ்_கனெக்ட்_எர்ரர்ஸ் = 100000
இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் = 10ஜி
இன்னோடிபி_ரீடூ_லாக்_கெப்பாசிட்டி = 1ஜி
இன்னோடிபி_ஃப்ளஷ்_மெத்தட் = ஓ_டைரக்ட்
ஸ்லோ_க்வெரி_லாக் = ஆன்
லாங்_க்வெரி_டைம் = 1
லாக்_எர்ரர்_வெர்பாசிட்டி = 3

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 151-இலிருந்து 120 ஆகக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். பூல் அளவு 20, நகல் மூன்று, மற்றவை இருபது. அதற்கு மேல் கொஞ்சம் இடம்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் சர்வர் நிரலை 'வேலிடேட் கான்ஃபிக்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள், 8.0.16-இலிருந்து இருக்கிறது. கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். இரவு பத்தரைக்கு ரீஸ்டார்ட் செய்து, சர்வர் எழாமல், எந்த வரி என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது நல்லது.

அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து எண்களை நோட்டில் எழுதுங்கள்: அபார்ட்டட்_கிளையன்ட்ஸ், மேக்ஸ்_யூஸ்டு_கனெக்‌ஷன்ஸ், த்ரெட்ஸ்_ரன்னிங், பஃபர்_பூல்_ரீட்ஸ், அப்டைம். அண்ணாச்சி கடையில் அபார்ட்டட்_கிளையன்ட்ஸ் முதல் இரண்டு நாள் நிற்கவில்லை, தினமும் முப்பது, நாற்பது ஏறியது. பிழைப் பதிவைப் பார்த்தால் எல்லாம் ரிப்போர்ட் பயனர். பத்து நிமிடத்தில் சர்வர் அறுப்பதால் கசிவு இப்போது வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் மென்பொருள் எழுதியவர் விட்டுப்போன 'குளோஸ்' வரியைச் சேர்த்தார். நான்காம் நாளிலிருந்து அந்த எண் ஒன்றிரண்டுக்கு மேல் ஏறவில்லை. அந்த ஒன்றிரண்டும் கடைப்பையன் கம்ப்யூட்டரை மெயின் சுவிட்சிலேயே அணைப்பதால் வருவது.